அடுத்த வீட்டுப் பண்டிகை

2024 ஏப்ரல் 8ஆம் தேதி அமாவாசை. அன்று மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் முழுச் சூரிய கிரகணம். மறுநாள் தெலுங்கர்களுக்கு உகாதி. 11ஆம் தேதி ரம்ஜான். 14ஆம் தேதி நமக்குப் புத்தாண்டு, மலையாளிகளுக்கு விஷு. ஹைதராபாத்தின் கிழக்கே, ஹப்சிகூடாவுக்கும் மல்லாப்பூருக்கும் நடுவே இருக்கும் நாச்சாரத்தில், ஒரே வாரத்துக்குள் ஒரே அபார்ட்மெண்ட் படிக்கட்டில் உகாதிப் பச்சடியும் ஷீர் குர்மாவும் வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடியும் ஏறி இறங்கியிருக்கும். அந்த வாரம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்னவோ வரிசையாகச் சில விடுமுறைகள்தான். இத்தனையும் ஏன் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன என்று கேட்டுவைக்க யாருக்கும் நேரம் இல்லை.

உலகத்துப் பண்டிகைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேச நாச்சாரம் தோதான இடம். ஒரு பக்கம் தொழிற்பேட்டை, இ.எஸ்.ஐ. மருத்துவமனை, என்.டி.ஆர். கட்டிய ராமகிருஷ்ணா ஸ்டூடியோ. வேலைக்காக வடக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஒருபுறம். தார்நாகாவின் பல்கலைக்கழகத்தையும் ஆய்வகங்களையும் ரயில்வேயையும் நம்பி வந்து, பிறகு வாடகை குறைவென்று இந்தப் பக்கம் நகர்ந்த தமிழர்களும் மலையாளிகளும் வங்காளிகளும் மறுபுறம். எல்லோருக்கும் முன்பிருந்தே இருக்கும் தெலங்கானா ஊர்க்காரர்கள். இவர்களுடைய பிள்ளைகளை நம்பி ஏகப்பட்ட ஆங்கில மீடியம் பள்ளிகள்.

இந்தப் பள்ளிகளில் ‘உலகப் பண்டிகைகள்’ என்றால் பெரும்பாலும் நடப்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். முதல் நாள் ராத்திரி எட்டரை மணிக்கு வாட்ஸப் குரூப்பில் செய்தி வரும்: நாளை ஸ்பெஷல் அசெம்பிளி, உங்கள் பிள்ளை மெக்சிகோ. அப்பா சார்ட் பேப்பர் வாங்க ஓடுவார். அம்மா தாவணியை மடித்துத் தோளில் பின் குத்துவார். காலையில் பிள்ளை மேடையில் ஏறி நாலு வரி ஒப்பித்து இறங்கும். அக்டோபர் கடைசியில் மழலையர் வகுப்புகளில் ஹாலோவீன் பூசணி, டிசம்பரில் பருத்தித் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா. இதில் கெடுதல் ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் இதைக் கல்வி என்று கணக்கில் எழுதுவதுதான் சரியில்லை. மெக்சிகோவாக நின்ற பிள்ளைக்கு அந்த நாட்டில் நவம்பர் முதல் நாள்களில் இறந்தவர்களுக்குப் பலகாரம் படைப்பார்கள் என்பது தெரியாமலே போகிறது. தெரிந்தால் வீட்டில் மகாளய அமாவாசையன்று தாத்தா படத்துக்கு முன்னால் இலை போடுவது அதற்கு உடனே ஞாபகம் வந்திருக்கும்.

இந்தக் குறையை மற்ற நாடுகள் நமக்கு வெகு முன்பே பேசித் தீர்க்கப் பார்த்தன. பிரிட்டனில் 1970களிலும் 80களிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்காகக் கொண்டுவரப்பட்ட பன்முகக் கல்வியை அங்குள்ள விமர்சகர்களே சேலை, சமோசா, ஸ்டீல் பேண்ட் என்ற மூன்றுக்குள் அடக்கிக் கிண்டல் செய்தார்கள். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் 1989இல் வெளியிட்ட நூலில் இதற்குச் சுற்றுலாப் பாடத்திட்டம் என்று பெயர் வைத்தார்: ஒரு நாள் போய் எட்டிப் பார்ப்பது, உணவைச் சுவைப்பது, திரும்பி வந்து வழக்கமான பாடத்தைத் தொடர்வது. ஜேம்ஸ் பேங்க்ஸ் என்ற கல்வியாளர் இந்த அணுகுமுறைகளைப் படிநிலைகளாக வகுத்தபோது, பெரியவர்களின் பிறந்தநாளையும் பண்டிகையையும் மட்டும் சொல்லிவிட்டு நகர்வதை அடிப்படியில் வைத்தார். நம் பள்ளிகள் இன்னும் அந்த அடிப்படியில்தான் நிற்கின்றன. படி ஏறத் தெரியாமல் இல்லை. ஏறச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

மேற்கிலிருந்து நாம் இறக்குமதி செய்யும் பட்டியலிலும் ஒரு கோணல் உண்டு. டிசம்பர் மாதத்துப் புத்தகங்களில் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்தில் யூதர்களின் ஹனுக்காவும், 1966இல் மௌலானா கரெங்கா அமெரிக்கக் கறுப்பினத்தவருக்காக உருவாக்கிய குவான்ஸாவும் தவறாமல் இருக்கும். யூதர்களைக் கேட்டால் ஹனுக்கா சின்னப் பண்டிகை. பெரியவை வசந்தத்தில் வரும் பெசாக்கும் உபவாச நாளான யோம் கிப்பூரும். கிறிஸ்துமஸுக்கு அருகே வருகிறது என்ற ஒரே தகுதியில் ஹனுக்கா உலகப் பாடப்புத்தகங்களுக்குள் ஏறிவிட்டது. அதேபோல் வெளிநாட்டு வகுப்பறைகளில் இந்தியா முழுவதற்கும் தீபாவளி ஒன்றே நிற்கிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு தீபாவளியைச் சட்டப்படி விடுமுறை ஆக்கியது 2023இல். நல்லதுதான். ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வீட்டில் தைப்பொங்கலுக்கு இருக்கும் இடம் ஆசிரியைக்குத் தெரிய வாய்ப்பு குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பள்ளி நிர்வாகங்கள் தயங்குவதற்கு அதைத்தான் காரணம் காட்டுகின்றன. அரசமைப்பின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடங்களில் மத போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது உதவி பெறும் மற்றப் பள்ளிகளில் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை வழிபாட்டிலோ மத போதனையிலோ சேர்க்கக் கூடாது. 1964-66 கோத்தாரி கமிஷன் மத போதனை வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு என்று பிரித்துக் காட்டி, இரண்டாவது தேவை என்றது. அருணா ராய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றமும் அதே கோட்டைத்தான் போட்டது. ஆகவே ஈத் பற்றிப் பாடம் எடுக்கத் தடை இல்லை. சரஸ்வதி பூஜையில் எல்லாப் பிள்ளைகளையும் கட்டாயமாகக் கும்பிட வைக்கத்தான் உரிமை இல்லை. நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாக இருக்கிறது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

இலங்கையில் வேறு வழி. அங்கே சமயம் ஒரு கட்டாயப் பாடம். சைவப் பிள்ளை சைவம் படிக்கும், பௌத்தப் பிள்ளை பௌத்தம், இஸ்லாமியப் பிள்ளை இஸ்லாம், பரீட்சையும் உண்டு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நாடு முழுக்க விடுமுறை. ஆனால் தெருவில் வெசாக் கூடு தொங்குவது எதற்கு என்பதைத் தமிழ்ப் பிள்ளை தெருவிலேதான் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பு அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் எதிர்த்திசையில் போனது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தின் தேதியையே 1997 முதல் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பிள்ளைகள் தத்தம் பாரம்பரிய உடையில் வருவார்கள். உடை கண்ணுக்கு அழகு. என்னைக் கேட்டால் பாடம் அந்தத் தேதியில் இருக்கிறது. பண்டிகை ஊர்வலம் ஒன்று கலவரமாக முடியக்கூடும் என்பதை மறைக்காமல் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்களே, அந்தத் துணிச்சல் இங்கே எந்தப் பள்ளிக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

சரி, பின்னே எங்கிருந்து தொடங்குவது? என் கட்சி இதுதான்: அடுத்த வீட்டிலிருந்து, ஒரு கேள்வியோடு. வேடத்தை விடக் கேள்வி மலிவு. சார்ட் பேப்பர்கூட வேண்டாம்.

முதல் கேள்வி தேதி. உகாதி அமாவாசைக்கு மறுநாள் பிறக்கும் சைத்ர மாதத்தின் முதல் நாள். ஈத், ரம்ஜான் மாதம் முடிந்து புதுப் பிறை தெரிந்த பிறகு. 2024இல் உகாதி ஏப்ரல் 9, ஈத் 11. 2025இல் மார்ச் 30, 31. 2026இல் உகாதி மார்ச் 19, ஈத் அதற்கு ஓரிரு நாள் கழித்து. மூன்று வருடமும் இரண்டு பண்டிகைகளும் ஒரே அமாவாசையைப் பிடித்துக்கொண்டு வந்தன. 2027இல் பிரிந்துவிடுகின்றன: ஈத் மார்ச் 10 வாக்கில், உகாதி ஏப்ரல் 7. என்ன ஆயிற்று? பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய வருடத்துக்குப் பதினொரு நாள் குறைவு. இஸ்லாமிய நாள்காட்டி அந்தக் குறையை அப்படியே விட்டுவிடும். அதனால் நோன்பு வருடா வருடம் பின்னோக்கி நகர்ந்து எல்லாப் பருவத்தையும் சுற்றி வரும். தெலுங்குப் பஞ்சாங்கம் ஏறக்குறைய முப்பத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிக மாசம் ஒன்றைச் செருகிச் சரிக்கட்டும். 2026இல் மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக ஜேஷ்டம். யூதர்களும் சீனர்களும் செய்வது இதே வேலை, பத்தொன்பது வருடத்தில் ஏழு மாதம் கூட்டி. நாம் சூரியனைப் பிடித்துக்கொண்டதால் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14ஐ விட்டு அதிகம் அசைவதில்லை. செகந்திராபாத்தில் அக்னி ஆலயம் வைத்திருக்கும் பார்சிகளின் கதை இன்னும் ருசி: வருடம் 365 நாள், லீப் வருடம் கிடையாது, ஒவ்வொரு நாளாக நழுவி வசந்தத்தில் இருக்க வேண்டிய புத்தாண்டு ஆகஸ்டுக்கு வந்துவிட்டது. ஈரானியர் நவ்ரூஸை மார்ச்சில், பகலும் இரவும் சமமாகும் நாளில் வைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது கூட்டல் கழித்தல் கணக்கு. மூன்று வருட நாள்காட்டியும் ஒரு பென்சிலும் போதும். அந்தப் பிள்ளை தானே கணக்குப் போட்டு, 2030இல் ரம்ஜான் நோன்பு ஜனவரியில் ஒருமுறை, டிசம்பர் கடைசியில் மறுமுறை தொடங்கும் என்று கண்டுபிடிக்கட்டும். அதற்குப் பிறகு ‘அவங்க பண்டிகை ஏன் இஷ்டத்துக்கு வருது’ என்று அது கேட்காது.

இரண்டாவது கேள்வி, எதை வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பது. இங்கே நாச்சாரத்துப் பிள்ளைக்கு வாய்த்த பாக்கியம் பதுகம்மா. 2014இல் தெலங்கானா பிறந்ததும், அம்மனுக்குப் படையல் எடுக்கும் போனாலுவும் பூவால் கொண்டாடும் பதுகம்மாவும் மாநிலப் பண்டிகைகள் ஆயின. மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள். தாம்பாளத்தில் பூசணி இலை பரப்பி, அதன் மேல் பூவை வட்ட வட்டமாக அடுக்கிக் கோபுரம் போல எழுப்புவார்கள். அடியில் பரந்து, மேலே போகப் போகக் குறுகும். நுனியில் சாயம் தோய்த்த குனுகுப்பூ ஒரு சுற்று, மஞ்சள் தங்கேடு ஒரு சுற்று, துலுக்கச் சாமந்தி ஒரு சுற்று. உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரி. பெண்கள் சுற்றி நின்று கைதட்டிப் பாடி ஆடுவார்கள். கடைசி நாள் ஏரியில் கரைப்பார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர், ஒரு பலகாரம். ஆறாம் நாள் மட்டும் பதுகம்மா கோபித்துக்கொண்டாள் என்று பூவே அடுக்க மாட்டார்கள். சாமியும் ஒரு நாள் முறுக்கிக்கொள்ளும் என்பது எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

அந்தத் தங்கேடு வேறொன்றும் இல்லை, நம் ஆவாரம்பூ. தெலங்கானாவின் மாநிலப் பூ. குனுகு நம் ஊர்க் காட்டில் களையாக முளைக்கும் பண்ணைக்கீரையின் பூ. பொங்கலுக்கு முன்னால் ஊருக்குப் போனால் சேலம், கோயம்புத்தூர்ப் பக்கம் ஆவாரம்பூவோடு சிறுபீளையும் வேப்பிலையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டியிருப்பதைப் பிள்ளை பார்க்கும். அக்டோபரில் ஏரிக்கரையில் பார்த்த அதே மஞ்சள். விஜயதசமியன்று இங்கே ஜம்மி இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள்; அது நம் கோயில்களில் நிற்கும் வன்னி. அன்று கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்று தேடும் பாலபிட்ட நம் பனங்காடை. தீபாவளியை ஒட்டி நாராயணகூடாவில் எருமைக் கடாக்களைச் சிங்காரித்து நடத்தும் சதர் விழாவைப் பார்த்த பிள்ளைக்கு மாட்டுப் பொங்கலைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லிக்கொடுக்க அசெம்பிளி தேவையா? கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு ஆள் போதும். ஏரிக்கரையில் பதுகம்மா சுமந்து வரும் அத்தைமார்கள், கேட்கிற பிள்ளைக்குப் பூ ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வார்கள், கையில் மலீதா உருண்டையும் வைத்துவிடுவார்கள்.

மூன்றாவதுதான் சிக்கல்: சந்தோஷம் இல்லாத நாள்கள். பள்ளி நாள்காட்டியில் ‘ஹேப்பி’ என்ற சொல் இல்லாமல் எந்த நாளும் இல்லை. முஹர்ரமுக்கும் சில பள்ளிகளிலிருந்து வண்ண வண்ண வாழ்த்து அட்டை வருகிறது; புனித வெள்ளிக்கும் வருகிறது. முஹர்ரம் பத்தாம் நாள், கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட நாள். அன்று ஹைதராபாத் பழைய நகரத்தில் தபீர்புராவின் பீபி கா அலாவாவிலிருந்து யானை மேல் அலம் என்னும் புனிதச் சின்னத்தை ஏற்றிய ஊர்வலம் சாதர்காட் நோக்கிப் போகும். கூட வருகிறவர்கள் மார்பில் அடித்து அழுதுகொண்டு நடப்பார்கள். தெலங்கானா கிராமங்களிலோ இதுவே பீர்ல பண்டுகா, இந்துக்களும் சேர்ந்து எடுப்பது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் காசவளநாடு புதூரில் இந்துக்களே முஹர்ரம் அனுசரிக்கிறார்கள். ஒரே நாள் ஓரிடத்தில் துக்கம், ஓரிடத்தில் நேர்த்திக்கடன், ஓரிடத்தில் ஊர்த் திருவிழா. சுன்னிகளில் பலர் நோன்பு மட்டும் வைப்பார்கள். ‘முஸ்லிம்கள் இதைச் செய்வார்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கும் எந்தப் பாடமும் இந்த நாளுக்கு முன்னால் தோற்றுப்போகும். அதனால்தான் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்கிறேன். அடுத்த வீட்டுக்காரர் எப்போது சிரிக்கிறார் என்பது மட்டும் தெரிந்தால் பாதிதான் தெரியும்.

பக்ரீத்தின் குர்பானியும் போனாலுவின் ஆட்டு பலியும் பள்ளிகள் கவனமாகத் தாண்டிப்போகும் இடங்கள். தாண்ட வேண்டியதில்லை. இறைச்சியை மூன்று பங்காக்கி வீட்டுக்கு ஒன்று, உறவுக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்று கொடுப்பது பின்னக் கணக்கு படிக்கும் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். அசைவம் சாப்பிடாத வீட்டுப் பிள்ளை முகம் சுளித்தால் திட்டவும் வேண்டாம், ஒத்து ஊதவும் வேண்டாம். நம் ஊர்க் கறுப்பசாமிக்கு என்ன படைக்கிறார்கள் என்று பாட்டியைக் கேட்டுவரச் சொன்னால் போதும்.

பண்டிகைகள் மாறும் என்பதையும் பெரிய வகுப்புகளில் சொல்லலாம். கைரதாபாத் பிள்ளையார் 1954இல் ஓரடி உயரத்தில் தொடங்கியவர், இன்று கிரேன் இல்லாமல் நகர மாட்டார். பிள்ளையாரைத் தெருப்பந்தலுக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தது 1890களில் திலகர். ஆதிகாலத்திலிருந்து அப்படியே வருகிறது என்று நம்பும் பிள்ளைதான் பின்னால் பண்டிகைக்காகச் சண்டைக்குப் போகிறது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்தால், ஈத் பற்றி நீ எழுந்து சொல்லு என்று அதையே நிறுத்துவது ஆசிரியர்களுக்குப் பழக்கம். ஒன்டாரியோ 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்ற பிறகு, டொராண்டோத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பொங்கல் பானையோடு வகுப்பு முன்னால் நிற்கும் வாய்ப்பு வந்தது. விரும்பி நின்றால் பெருமை, நிறுத்தப்பட்டால் காட்சிப்பொருள். ரெபேக்கா பிக்லரும் உடன் பணியாற்றியவர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என்று சட்டை கொடுத்தார்கள். ஆசிரியர்கள் அந்த நிறத்தைச் சொல்லிச் சொல்லி வகுப்பை நடத்தியபோது, பிள்ளைகளிடம் தன் நிறத்தாரே உசத்தி என்ற எண்ணம் வளர்ந்தது. நிறத்தைக் கண்டுகொள்ளாமல் விட்ட வகுப்பில் அது வளரவில்லை. ‘இது அவர்கள் பண்டிகை’ என்று தினமும் சொல்வது நீலச் சட்டை மாட்டுகிற வேலைதான். கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார்: சமமானவர்களாக, ஒரு பொது வேலையில் கைகோத்தால்தான் வெறுப்பு குறையும். சேர்ந்து பூ அடுக்கட்டும். நாள்காட்டிக் கணக்கைச் சேர்ந்து போடட்டும்.

வயதுக்கேற்ற பக்குவம் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். ஏழு வயதுக்குள் வாசனையும் ருசியும் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதும் போதும். நம்பிக்கை விளக்கங்கள் அந்த வயதில் ஒட்டாது. பத்து வயதில் நாள்காட்டி. பன்னிரண்டுக்கு மேல் துக்கம், சண்டை, வரலாறு எல்லாவற்றையும் பேசலாம். அப்போது மெக்சிகோவும் ஈரானும் சீனாவும் தாமாகவே உள்ளே வரும், ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்வி பிள்ளையின் கையில் இருக்கும்.

தெலங்கானாவில் பள்ளிகள் வழக்கமாக ஜூன் 12 வாக்கில் திறக்கின்றன. 2025இல் போனாலு ஜூன் 26 அன்று கோல்கொண்டாவில் தொடங்க, பத்தே நாளில் முஹர்ரம் வந்தது. 2026இல் முஹர்ரம் ஜூன் கடைசி வாரத்துக்கு நகர, அதிக மாசம் தள்ளியதில் போனாலு ஜூலை நடுவுக்குப் போகிறது. ஏன் என்று பிள்ளையைக் கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பள்ளி திறந்ததும் ஆண்டுத் திட்டத்தைக் கையில் கொடுப்பார்கள். நாச்சாரத்துப் பெற்றோர் அதில் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்: துக்க நாள் ஒன்றாவது பாடமாக இருக்கிறதா, பிள்ளைகள் ஓர் ஏரிக்கரைக்காவது நடந்து போகிறார்களா, வழிபாட்டில் சேர விரும்பாத பிள்ளைக்கு வேறு இடம் உண்டா. இல்லையென்றால் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். ஃபேன்ஸி டிரஸ் வாடகைக் கடைக்காரர் ஒருவரைத் தவிர வேறு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.